சூரியனுக்காக ஆட்டம் நின்ற இடம்

கண்ணா,

அடுத்த சனிக்கிழமை உனக்குக் கல்யாணம். மண்டபம் பேசியாயிற்று, பூவுக்குச் சொல்லியாயிற்று, நாதஸ்வரக்காரர்கள் டொராண்டோவிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். மிச்ச வேலைகளை எல்லாம் உன் மாமியாராகப் போகிற நிர்மலாவின் அம்மா எனக்கு முன்னாலேயே செய்து முடித்துவிடுகிறார். ஏதாவது உதவட்டுமா என்று கேட்டால், "நீங்கள் சும்மா இருங்கோ, பேந்து பாப்பம்" என்கிறார். பேந்து என்றால் பிறகு என்று அர்த்தமாம். திருகோணமலைக்காரர்களின் அன்பில் கொஞ்சம் அதிகாரமும் இருக்கிறது, உனக்கு அது போகப் போகத் தெரியும். எப்படியோ, எனக்குக் கையில் நேரம் இருக்கிறது. உன்னிடம் நேரில் பேச ஆரம்பித்தால் சாப்பிட்டாயா, குளிருக்குத் தொப்பி போட்டாயா என்பதோடு என் வாய் நின்றுவிடும். எழுதினால் மற்றதும் வரும் என்று தோன்றுகிறது. அப்பாவிடம் ஒரு நல்ல பேனா கேட்டேன். பரீட்சைத் தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவைக் கொடுத்தார். பயப்படாதே, மார்க் போடப் போவதில்லை.

பிரெஞ்சு பேசுகிற இந்த ஊருக்கு நான் வந்து இறங்கிய வசந்தத்தில் எனக்கு வயது இருபத்திரண்டு. அப்பா பல்கலைக்கழகத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கப் போய்விடுவார். பார்க் எக்ஸ்டென்ஷன் பேட்டையில் மூன்றாம் மாடி வீட்டில் நான் தனியாக இருப்பேன். கீழ்வீட்டில் கிரேக்கக் குடும்பம், எதிர்வீட்டில் இத்தாலியக் குடும்பம், யாரோடும் பேச எனக்குப் பாஷை இல்லை. ஒரு நாள் மத்தியானம் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய சத்தம் வந்தது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துப் பிடித்து, பிறகு ஒரே நேரத்தில் கத்தின மாதிரி. என்ன ஆபத்தோ என்று பயந்தேன். மறுநாளும் அதே சத்தம். மூன்றாம் நாள் புடவைக்கு மேலே அப்பாவின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, சுரங்கவழியாக ரயில் பாதையைத் தாண்டி, சத்தம் வந்த திசையிலேயே நடந்தேன். அப்படித்தான் ஜாரி பார்க் பேஸ்பால் ஸ்டேடியத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஸ்டேடியம் என்றால் நீ இப்போது நினைக்கிற மாதிரி இல்லை. மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் ஒரு கான்கிரீட் காலரி, அதன் இரண்டு பக்கமும் அவசர அவசரமாகக் கட்டின இரும்பு பெஞ்சு வரிசைகள். கூரை கிடையாது. மாடி கிடையாது. மழை வந்தால் எல்லோரும் நனைவோம். வலது பக்க வேலிக்கு அப்பால் ஊர்க்காரர்கள் குளிக்கிற நீச்சல் குளம். யாராவது பலசாலி பந்தை ஓங்கி அடித்தால் அது வேலியைத் தாண்டிக் குளத்தில் போய் விழும், குளித்துக்கொண்டிருந்தவர்கள் அதற்காகத் தண்ணீரில் முட்டி மோதுவார்கள். இடது பக்கத்துப் பெஞ்சில் எனக்கு இடம் கிடைத்தது. பக்கத்தில் ஜினெத் என்று ஒரு பெண், தையல் தொழிற்சாலையில் வேலை. அன்று அவளுக்கு விடுமுறை. என் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள், தன் பையிலிருந்து வறுத்த கடலையை எடுத்து என் கையில் கொட்டினாள். அவ்வளவுதான் அறிமுகம். எனக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தது அவள்தான். நான் முதலில் கற்ற முழு வாக்கியம் என்ன தெரியுமா? நடுவரைப் பார்த்து, "ஐயா, உங்கள் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தீர்களா?"

அந்த வருஷம் முழுக்க அப்பாவுக்குத் தெரியாமல் போய்வந்தேன். சொன்னால் கோபிப்பார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். கேட்டுப் பார்க்கவே இல்லை. ஒரு நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"இன்னிக்கு டிபார்ட்மென்ட்ல எல்லாரும் டிவி பாத்துண்டிருந்தோம்" என்றார்.

"சரி."

"ஊதாப் புடவை கட்டிண்டு ஒரு பொம்மனாட்டி பெஞ்சு மேல ஏறி நின்னு கத்தினா. கேமராவை அவமேலயே வெச்சுட்டான். டீன் கேட்டார், இது உங்க ஊர்ப் பொண்ணு மாதிரி இருக்கேன்னு."

"நீங்க என்ன சொன்னேள்?"

"என் ஊர்தான்னேன். என் ஆத்துக்காரின்னும் சொன்னேன்." பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு, "ஏன் தனியாப் போனே? என்னைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றார்.

அடுத்த ஆட்டத்துக்கு அவரும் வந்தார். குடை, நோட்டுப் புத்தகம், தயிர்சாதம் சகிதம். பந்து எந்தக் கோணத்தில் கிளம்பினால் குளத்தில் விழும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நிஜமாகவே ஒரு பந்து குளத்தில் விழுந்தபோது நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைத் தவறவிட்டார். ஜினெத் சிரித்த சிரிப்பு பந்து வீசுகிறவருக்குக் கேட்டிருக்கும். கேட்டிருக்கும் என்று சும்மா சொல்லவில்லை, அந்த இடம் அவ்வளவு நெருக்கம். நாம் தும்மினால் ஆடுகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

நீ பிறந்த பிறகு உன்னையும் தூக்கிக்கொண்டு போனோம். அந்த ஸ்டேடியத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சாயங்காலம் சூரியன் எங்கள் பெஞ்சுக்குப் பின்னால், பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கமாக இறங்கும். இறங்கும்போது எதிரே முதல் பேஸ் என்கிற மூலையில் பந்து பிடிக்க நிற்கிற ஆட்டக்காரரின் கண்ணில் நேராகக் குத்தும். வருகிற பந்து அவருக்குத் தெரியாது. அதனால் ஆட்டத்தையே கொஞ்ச நேரம் நிறுத்திவிடுவார்கள். மழைக்கு நிறுத்துவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். சூரியனுக்காக நிறுத்தியதை அங்கேதான் பார்த்தேன். அத்தனை ஜனமும் சூரியன் இறங்கட்டும் என்று கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், இசைக்காரர் ஆர்கனில் தாலாட்டு மாதிரி ஏதோ வாசிப்பார், நீ என் மடியில் தூங்கிப்போவாய். பின்னாளில் உனக்குச் சோறு ஊட்ட நான் சொன்ன கதைகளில் இது ஒன்று. "சூரியன் என்ன பண்ணித்து?" என்று நீ கேட்பாய். "அவசரப்படாம போச்சு" என்பேன். நீ வாயைத் திறப்பாய், ஒரு உருண்டை உள்ளே போகும்.

பிறகு அணி கிழக்கே கட்டின பெரிய ஸ்டேடியத்துக்குப் போய்விட்டது. ஜாரி பார்க்கில் டென்னிஸ் வந்தது, வேறு என்னென்னவோ வந்தது. ஒரு புறநகரில் தோட்டத்தோடு வீடு வாங்கலாம் என்று அப்பா இரண்டு தரம் சொன்னார். நான் இந்தத் தெருவை விட்டு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். கடை பக்கம், மெட்ரோ பக்கம் என்று ஏதேதோ சொன்னேன்.

இனி எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டமானது. நீ ஒரு வருஷம் படித்த மருத்துவத்தை விட்டுவிட்டு, கட்டடக்கலை படிக்கப் போகிறேன் என்று வந்து நின்ற நாள் உனக்கு நினைவிருக்கும். நான் சொன்னதும் நினைவிருக்கும். "கொத்தனாருக்குப் படம் போட்டுக் குடுக்கவா உன்னைப் பெத்தேன்?" என்றேன். நீ சமையலறை விளக்கை அணைத்துவிட்டு உன் அறைக்குப் போனாய். அந்த மாதமே தனி வீடு பார்த்துக்கொண்டு போனாய். நான் ஒன்றும் பேச்சை நிறுத்திவிடவில்லை. வாராவாரம் ஃபோன் செய்தேன், குழம்பு கொடுத்தனுப்பினேன், உனக்கு ஜுரம் என்றால் ஓடிவந்தேன். ஆனால் நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட நீ என்ன படிக்கிறாய், என்ன வரைகிறாய், எந்த ஆபீஸில் என்ன வேலை என்று கேட்கவில்லை. கேட்டால் சம்மதம் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். நீ இரண்டு தரம் சொல்ல ஆரம்பித்தாய். இரண்டு தரமும் ரசத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு எது என்று யாராவது கேட்டால், அந்த உப்பைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஒரு மார்ச் மாதம், பனி கரைந்து தெருவெல்லாம் சேறாக இருந்தபோது, ஜினெத்திடமிருந்து ஃபோன் வந்தது. "நம் ஸ்டேடியத்தை இடிக்கப் போகிறார்களாம். டென்னிஸுக்குப் புதிதாகக் கட்டுகிறார்களாம். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம் போட்டிருக்கிறார்கள், வா, நாம் போய்க் கத்துவோம்" என்றாள். கத்துவதற்கு என்னை இரண்டாம் தரம் கூப்பிட வேண்டியதில்லை. முன்வரிசையில் போய் உட்கார்ந்தோம். மேடையில் நாலைந்து பேர், பின்னால் பலகையில் வரைபடங்கள். பெரியவர் ஒருவர் பேசி முடித்து, யாருக்காவது கேள்வி உண்டா என்றார். நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் பலகைக்குப் பக்கத்தில் கையில் சுருட்டின காகிதத்தோடு நின்ற பையனைப் பார்த்தேன். நீ. நான் வாங்கிக் கொடுத்த நீல ஸ்வெட்டரில்.

உட்கார்ந்திருக்கலாம். உன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். ஆனால் என் வாய் ஏற்கெனவே கிளம்பிவிட்டது. ஜினெத் கற்றுக்கொடுத்த பெஞ்சு பிரெஞ்சில், அந்த இடத்தில் ஆறு கோடைகாலம் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். பாஷை தெரியாமல் வந்தவளை முதலில் உட்காரச் சொன்ன இடம் அது என்றேன். எங்களைக் கேட்காமல் எப்படி இடிப்பீர்கள், வரைந்தவர் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாரா என்றேன். கூடம் முழுக்கச் சிரித்தது. ஜினெத் கைதட்டினாள். "அங்கே சாயங்கால வெயில் எங்கே விழும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?" என்று கடைசியாகக் கேட்டுவிட்டு நின்றேன்.

பெரியவர் உன் பக்கம் திரும்பி, நீயே சொல் என்கிற மாதிரி தலையசைத்தார்.

"மதாம்" என்றாய். பெற்ற தாயை மதாம் என்று கூப்பிட்டாய், எனக்குச் சிரிப்பு வந்தது. "பக்கவாட்டு இரும்பு பெஞ்சுகள் போகின்றன, மதாம். நடுவில் இருக்கும் பழைய கான்கிரீட் காலரி போகவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் புதிதைக் கட்டுகிறோம். மைதானத்தை வடக்கு தெற்காகப் போட்டிருக்கிறோம். சாயங்கால வெயில் ஆடுகிறவர் கண்ணில் நேராக விழாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்த வரைபடத்தில் சூரியன் எங்கே இறங்குகிறது என்றுதான் தேடினேன். சின்ன வயதில் எனக்கு ஒருவர் அந்தக் கதையைச் சொல்லிச் சோறு ஊட்டுவார்."

நான் உட்கார்ந்துவிட்டேன். ஜினெத் என் காதில், "நல்ல பையன், யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டாள். உன்னை அவள் கடைசியாகப் பார்த்தபோது உனக்கு ஐந்து வயது. "என் வீட்டுப் பிள்ளை" என்றேன்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால் நீ வாசலில் காத்திருந்தாய். "அம்மா, என் வேலை போயிருக்கும்" என்றாய். "போச்சா?" என்று பதறினேன். "இல்ல. பெரியவருக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்காம். அடுத்த கூட்டத்துக்கும் வரச் சொன்னார்." நாம் இருவரும் சிரித்துக்கொண்டே சுரங்கவழியைத் தாண்டினோம். மெட்ரோ பக்கத்துச் சமோசாக் கடையில் டீ சொல்லிவிட்டு, நாலு வருஷமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டேன். "என்னடா வரையறே? காட்டு."

நீ காகிதத்தை மேஜையில் விரித்தாய். சட்னிக் கிண்ணத்தை ஒரு மூலையிலும் சர்க்கரை டப்பாவை இன்னொரு மூலையிலும் வைத்தோம். "இதுல அழகா என்ன இருக்கு, எதுக்கு வெச்சுக்கணும்னு நிறையப் பேர் கேட்டாங்கம்மா" என்றாய். "தூண் இல்ல, வளைவு இல்ல, வெறும் கான்கிரீட் படி. ஆனா எந்தப் படியில உக்காந்தாலும் ஆடறவங்க முகம் தெரியும். சரிவு அப்படி. இப்ப கட்டற பெரிய ஸ்டேடியம் எதுலயும் அது கிடைக்கறதில்ல. அதைத்தான் புதுசுக்கும் கொண்டுவரோம்." நீ பேசப் பேச உன் கை காகிதத்தின் மேல் போய்க்கொண்டே இருந்தது. அப்பா கரும்பலகையில் எழுதும்போது அவர் கையும் அப்படித்தான் போகும். என் பெஞ்சு எங்கே என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, படத்தின் கோட்டுக்கு வெளியே விரலை வைத்தாய். "இங்க புல்லும்மா. ரெண்டு மரம் வரும்." நான் வருத்தப்படுவேன் என்று பயந்தாய். எனக்கு வருத்தமே வரவில்லை. அந்தப் பெஞ்சு வெயிலில் தோசைக்கல் மாதிரி சுடும், மரம் எவ்வளவோ மேல்.

இடிக்கிற அன்றைக்கு, இலையெல்லாம் பழுத்திருந்த ஒரு காலையில், நாம் எல்லோரும் போனோம். ஜினெத் மடக்கு நாற்காலியும் காப்பியும் கொண்டுவந்தாள். அப்பா நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். வேலிக்கு வெளியே நம்மைப் போல ஐம்பது அறுபது பேர், சிலர் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு. அழுகை வரும் என்று கைக்குட்டை எடுத்துப் போயிருந்தேன். இயந்திரம் இரும்பு வரிசையைப் பல்லால் கவ்வி இழுத்தது. வராமல் முரண்டு பிடித்தது. ஜினெத்துக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, கண்ணாடி எங்கே?" என்று கத்தினாள். நானும் கத்தினேன். அங்கிருந்த அத்தனை பேரும் கத்தினார்கள். இயந்திரம் ஓட்டியவர் நிறுத்தி, கதவைத் திறந்து, தலைக்கவசத்தைக் கழற்றி நாடகக்காரர் மாதிரி குனிந்து வணங்கினார். அடுத்த இழுப்பில் வரிசை சாய்ந்தது. தூசி அடங்கியபோது அப்பா என் தோளைத் தட்டி, "அங்க பாரு" என்றார். இருபத்தைந்து வருஷமாக அந்த இரும்பு மறைத்துக்கொண்டிருந்த பக்கம் திறந்துவிட்டிருந்தது. ரயில் பாதைக்கு அப்பால் நம் தெரு, நம் வீடு, மூன்றாம் மாடி பால்கனியில் காய்கிற அப்பாவின் வேட்டி. ஜினெத் அதைப் பார்த்துவிட்டு, வெள்ளைக்கொடி காட்டுகிறீர்களா என்று கேட்டாள். நீ சிரித்ததில் காப்பி மூக்கில் ஏறி, நான்தான் உன் தலையில் தட்டினேன்.

புதிய ஸ்டேடியம் திறந்ததும் நீ டிக்கெட் கொடுத்துக் கூட்டிப்போனாய். டென்னிஸில் பந்து ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று நீ முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் "ஓடு ஓடு" என்று கத்தியதற்குச் சுற்றி இருந்தவர்கள் முறைத்தார்கள். ஆனால் ஒன்று, கடைசி வரிசையிலிருந்து எனக்கு ஆடிய பெண்ணின் முகம் தெரிந்தது. தோற்கப்போகிறோம் என்று அவள் உதட்டைக் கடித்ததுகூடத் தெரிந்தது.

கல்யாணத்துக்குப் புத்தி சொல்லாமல் எந்த அம்மாவும் கடிதம் எழுதுவதில்லை, அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். இதை நிர்மலாவும் படிக்கட்டும். அவள் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்ததும், இன்றைக்கு என்ன நடந்தது என்று கேள். கேட்டுவிட்டு டிவியைப் பார்க்காதே, அவள் முகத்தைப் பார். உனக்குப் பிடிக்காத பதிலாக இருந்தாலும் முழுசாகக் கேள். கேட்டால் தோற்றுவிட்டோம் என்று அர்த்தமில்லை, அதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு வருஷமும் ஒரு தேவாலயக் கூட்டமும் தேவைப்பட்டன. அவள் என்ன சொல்வாள் என்று நீயாக நினைத்துக்கொண்டு எதையும் ஒளிக்காதே. நான் ஒரு வருஷம் ஒளித்தேன். ஒளிக்காமல் இருந்திருந்தால் அப்பா இன்னும் ஒரு வருஷம் பேஸ்பால் பார்த்திருப்பார், ஒருவேளை ஒரு பந்தாவது குளத்தில் விழுவதைப் பார்த்திருப்பார்.

நேற்று நிர்மலா தனியாக வீட்டுக்கு வந்தாள். புடவை பிளவுஸ் விஷயமாக என்று நினைத்தேன். "இல்லை அன்ரி, அவர் கட்டினதை எனக்குக் காட்டுறீங்களோ? கேட்டா வெக்கப்படுறார்" என்றாள். கூட்டிப்போனேன். ஆட்டம் எதுவும் இல்லை, காவலாளி ஐந்து நிமிஷம் என்று உள்ளே விட்டார். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, படிப்படியாக மேலே ஏறி, கான்கிரீட்டைக் கையால் தடவிக்கொண்டே நடந்தாள். பாதி வழியில் நின்று, "அன்ரி, எது பழசு, எது புதுசு?" என்று கேட்டாள். நானும் பார்த்தேன். ஆறு கோடைகாலம் தினம் பார்த்த படிகள். இங்கேதான் என்றேன், இல்லை அங்கே என்றேன், கடைசியில் எனக்கே தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டேன்.

"ஓம், அப்ப அவர் நல்லாத்தான் செய்திருக்கிறார்" என்றாள் நிர்மலா.

கல்யாணப் பெண் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் உன்னிடம் இதை நான் நேரே சொன்னதே இல்லை என்று அந்தப் படியில் நிற்கும்போதுதான் உறைத்தது. இப்போது சொல்கிறேன், சிவப்பு மையில் எழுதித் தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள். ரொம்ப நன்னா பண்ணியிருக்கேடா.

அம்மா